நின்றுகொண்டே கெடும் இயந்திரம்: திருகோணமலையில் மின்பிறப்பாக்கிப் பராமரிப்புக்குப் புதிதாக வருவோருக்கு

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்த கதை நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அந்த ஒரு காரணத்தால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்படி யாரும் எதிர்பாராத ஒரு நிமிடத்துக்காகத்தான் விடுதியின் பின்வளவிலும் ஆலையின் மூலைக் கொட்டகையிலும் ஒரு மின்பிறப்பாக்கி மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்றல்தான் அதற்கு நோய். லொறி எஞ்சின் ஓடி ஓடித் தேயும். அவசரகால மின்பிறப்பாக்கியோ நின்று நின்று கெடும்: பற்றரி வடியும், டீசலில் தண்ணீர் சேரும், சுருளில் ஈரம் ஏறும். வெளியில் பார்த்தால் வர்ணம் மங்காமல் புதிதுபோல இருக்கும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலோ, ஐஸ் தொழிற்சாலையிலோ, கிண்ணியா, கந்தளாய்ப் பக்க அரிசி ஆலைகளிலோ, ஒரு வங்கிக் கிளையிலோ இந்தப் பொறுப்பு முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்குக் கீழே பயிலுநர்களைப் பழக்க வேண்டியவராக நீங்கள் இருந்தால் கடைசிப் பகுதியை முதலில் வாசிக்கலாம்.

பெயர்த்தகட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் கருவிப்பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை உண்டாக்கும் பாகமான ஒல்டனேற்றரில் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 100 கே.வீ.ஏ என்று இருந்தால், அதைத் திறன்காரணியான 0.8ஆல் பெருக்க 80 கிலோவாற்று வரும். நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது இந்த 80ஐத்தான். வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ், மூன்று கட்டத்துக்கு (பேஸ்) 400 வோல்ற், ஒரு கட்டத்துக்கு 230 வோல்ற் என்பன பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒன்றே.

அடுத்து, ‘ஸ்டாண்ட்பை’ (அவசரத்துக்கு மட்டும்) என்று எழுதியிருக்கிறதா, ‘பிரைம்’ (நீண்ட நேர ஓட்டத்துக்கு) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐ.எஸ்.ஓ 8528 தரத்தின்படி அவசரகால ஸ்டாண்ட்பை அளவு என்பது ஆண்டுக்கு 200 மணி நேரம் வரைக்கும்தான். அந்த நேரத்திலும் சராசரிச் சுமை 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. அந்த வேகத்தில் ஓடினால் 16 நாளில் ஓர் ஆண்டுக்கான கணக்கு முடிந்துவிடும். உங்கள் இயந்திரம் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தது என்றால், மணி மீற்றர் காட்டும் எண்ணைக் கொண்டு அதன் வயதை மதிப்பிடுங்கள். வாங்கிய ஆண்டு அதைச் சொல்லாது.

கை வைக்கும் முன்

தன்னியக்க முறையில் நிற்கும் இயந்திரம் எந்த நொடியிலும் தானே கிளம்பும். வெளியே தெருவில் ஓர் உருகி போனாலும் போதும், அதற்கு அது கட்டளை. பெல்ட்டுக்குள் விரல் இருக்கிறதா என்று அது பார்க்காது. ஆகவே வரிசை மாறாமல் இவற்றைச் செய்யுங்கள்:

1. கட்டுப்பாட்டுப் பலகையை ‘ஸ்டொப்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள்.
2. பற்றரி சார்ஜரை நிறுத்துங்கள். இதற்கு முன் வயரைக் கழற்றினால் பொறி பறக்கும். பற்றரியைச் சுற்றி ஐதரசன் வாயு இருக்கக்கூடும்.
3. பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, தானாக மீண்டும் தொடாதபடி ஓரமாகக் கட்டிவையுங்கள்.
4. தெரு மின்சாரத்துக்கும் மின்பிறப்பாக்கிக்கும் இடையே சுமையை மாற்றிவிடும் மாற்று ஆளியில் மின்பிறப்பாக்கிப் பக்கத்துப் பிரேக்கரை இறக்கிப் பூட்டுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மேசை லாச்சியில் வேண்டாம்.
5. ‘வேலை நடக்கிறது, தொடாதீர்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்ததும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் அட்டை, பிறகு பிரேக்கர், பிறகு எதிர்முனை, பிறகு சார்ஜர், கடைசியாகப் பலகை ‘ஓட்டோ’ நிலைக்கு. இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய தவறு. எல்லாம் சரியாக இருந்தும் மின்சாரம் போன இரவில் இயந்திரம் அசையாமல் நிற்கும். போய்ப் பார்த்தால் பலகை ‘ஸ்டொப்’பில் இருக்கும். கொட்டகையை விட்டு வெளியேறும்போது ‘ஓட்டோ’ என்று வாய்விட்டு வாசித்துவிட்டுப் போகும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று: மூடிய அறையில் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பற்றரி

மின்பிறப்பாக்கி கிளம்பவில்லை என்று அழைப்பு வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பற்றரியை. ஓய்விலிருக்கும் நல்ல 12 வோல்ற் பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டும். ஆனால் ஓய்வு நிலை அளவை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். ஸ்டார்ட்டர் சுழலும் அந்த இரண்டு மூன்று நொடியில் மீற்றரைப் பாருங்கள்: 12 வோல்ற் முறைமையில் 9.6க்குக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரியின் காலம் முடிகிறது என்று பொருள். 24 வோல்ற் முறைமையில் இரண்டு பற்றரிகள் தொடராக இருக்கும். ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஜோடி சேர்ந்தால் சார்ஜர் ஒன்றைப் பட்டினி போட்டு மற்றதைக் கொதிக்க வைக்கும்.

முனைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கடற்கரையோரக் கொட்டகைகளில் ஈய முனைமீது வெள்ளைத் தூளும், செப்பு வயர் சந்திக்கும் இடத்தில் பச்சைப் பூப்பும் படிந்திருக்கும். மேலே துடைத்தால் மட்டும் போகாது. கிளிப்பைக் கழற்றி, அப்பச்சோடா கலந்த தண்ணீரில் துலக்கி, உலரவிட்டு, உள்வளையத்தைப் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பின்பு மேலே வாஸ்லீன் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்கக்கூடாது. சோடாத் தண்ணீர் பற்றரியின் மூடிக்குள் இறங்கினால் அமிலம் கெட்டுவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். அமில அடர்த்தியை ஹைட்ரோமீற்றரால் பார்த்தால் முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்கும். ஓர் அறை மட்டும் தனித்துக் குறைந்து நின்றால், அந்த அறை போய்விட்டது.

வெப்பம் பற்றரிக்கு எமன். ஏறத்தாழ 10 பாகை கூடும்போது ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையின் நடைமுறைக் கணக்கு. குளிர் நாட்டுக் கையேடு ஐந்தாண்டு என்று சொன்னால், தகரக் கூரைக்குக் கீழே நம்மூரில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

டீசல், ஒயில், தண்ணீர்

டீசல் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை நன்றாக இருக்கும். அதற்குப் பின் பழுதடையத் தொடங்கும். அரைத் தாங்கி டீசலுக்கு மேலே இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, தண்ணீராகிக் கீழே இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வடிகட்டியைக் கறுப்புச் சளிபோல அடைக்கும். தாங்கியை நிரப்பியே வைத்திருங்கள். தண்ணீர் பிரிப்பானின் அடியிலுள்ள வடிகாலை வாரந்தோறும் ஒரு கண்ணாடிப் போத்தலில் திறந்துவிட்டு, சில நிமிடங்கள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தெளிந்து நிற்பது தண்ணீர். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள்.

ஒயிலைப் பொறுத்தவரை 250 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது பொதுவான நடைமுறை. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. ‘இருபது மணி நேரம்தானே ஓடியது’ என்று ஆண்டு மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். நின்றாலும் ஒயில் ஈரத்தையும் அமிலத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. காய்ந்தால் உள்ளே படை கட்டும்; உப்பு அலுமினியத்தைத் தின்னும். கையேடு சொல்லும் கூலன்டை வடித்த நீரில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். ‘இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், சிலிண்டர் லைனரின் வெளிச்சுவரில் குமிழிகள் உடைந்து குழி விழாமல் காப்பதும் இங்கே நமக்குத் தேவையானவை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

சுமையில்லாத சோதனை சோதனையல்ல

பல இடங்களில் வாரச் சோதனை என்றால் இதுதான்: திங்கட்கிழமை காலை பொத்தானை அழுத்துவார்கள், எஞ்சின் உறுமும், ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்துவார்கள், கொப்பியில் ‘சரி’ என்று எழுதுவார்கள். இது இயந்திரத்துக்கு நன்மையைவிடத் தீமையையே செய்கிறது என்பது என் கருத்து. சுமை இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூட்டை எட்டாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் சேர்ந்து, இணைப்புகளில் தார்போலக் கறுப்பாகக் கசியும். சைலன்சரின் மூட்டில் விரலை வைத்துப் பாருங்கள், இயந்திரம் ஆறிய பிறகு. பிசுபிசுத்தால் அந்த நோய் ஏற்கெனவே வந்துவிட்டது.

கொள்திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத சுமையில், மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம் ஓட்ட வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ 110 விதி. அது நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அதைவிட நல்ல அளவுகோல் கைவசம் இல்லை. மாதந்தோறும் அந்தச் சுமை கிடைக்காத இயந்திரத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைச் சுமை கட்டி, 50 சதவீதத்தில் அரை மணி நேரமும் 75 சதவீதத்தில் ஒரு மணி நேரமும் ஓட்டச் சொல்கிறது அதே விதி.

திருகோணமலை விடுதிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விருந்தினர் நிறைந்திருப்பது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. புயலும் மின்தடையும் மிரட்டுவது மாரியில், அறைகள் காலியாகக் கிடக்கும்போது. 160 கிலோவாற்று இயந்திரம் டிசம்பரில் 20 கிலோவாற்றை மட்டும் சுமந்து இரவெல்லாம் ஓடினால், அது 12 அல்லது 13 சதவீதம். நோய் வருவதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. செய்ய வேண்டியது எளிது: காலியான அறைகளின் குளிரூட்டிகளையும், தண்ணீர் சூடாக்கிகளையும், சலவை இயந்திரங்களையும், நீர்ப் பம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சுமையை ஏற்றுங்கள். முகாமையாளர் டீசல் செலவைப் பற்றிக் கேட்பார். கணக்கைக் கையில் வைத்திருங்கள்: 60 கிலோவாற்றுச் சுமைக்கு மணிக்கு ஏறத்தாழ 16 லீற்றர், அரை மணி நேரத்துக்கு 8 லீற்றர்.

ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்: அதிர்வெண், மூன்று கட்டங்களின் வோல்ற், மூன்று கட்டங்களின் அம்பியர், ஒயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, பற்றரி வோல்ற், புகையின் நிறம். கறுப்பு என்றால் சுமை மிகை அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கிளம்பும்போது வரும் வெள்ளை சூடானதும் மறைய வேண்டும், மறையாவிட்டால் விசாரியுங்கள். ‘சரி’ என்ற சொல்லைக் கொப்பியிலிருந்து ஒழித்துவிடுங்கள். ஒயில் அழுத்தம் ஒரே சூட்டில், ஒரே சுமையில், மாதாமாதம் சிறிது சிறிதாக இறங்குவதை எண்கள் மட்டுமே காட்டும்.

சுமையை இறக்கிய பின் மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டே நிறுத்த வேண்டும். டர்போ இருந்தால் இது கட்டாயம்: சூடான அச்சில் ஒயில் ஓட்டம் சட்டென்று நின்றால், நின்ற ஒயில் கரியாகும்.

காற்று எந்தப் பக்கம்?

எஞ்சினின் விசிறி, காற்றை எஞ்சின் மேலாக இழுத்து ரேடியேற்றர் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த வெளிவாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டி வைத்துப் பாருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, சூடாகவும் புழுதியோடும் அடிக்கும். வெளிவாய் தென்மேற்கைப் பார்த்தால் விசிறி காற்றோடு மல்லுக்கட்டும். கச்சான் பலத்த மத்தியானத்தில் மட்டும் ‘சூடு மிகை’ என்று இயந்திரம் நின்றுவிடும். இரவில் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. வடகிழக்கைப் பார்க்கும் உள்வாயிலோ மாரி மழை நேராக ஒல்டனேற்றர்மேல் சாரலடிக்கும். இரண்டுக்கும் மருந்து, வாயிலுக்கு முன்னால் இடைவெளி விட்டு எழுப்பும் ஒரு தடுப்புச் சுவர். புதிதாகக் கொட்டகை கட்டப்போகிறவர் உங்களிடம் கேட்டால், இதை முதலில் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறியது. பீடத்தை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்ற பேச்சு வரும்போது அதையும் நினைவுபடுத்தலாம்.

ரேடியேற்றர்த் தகடுகளில் உப்பும் புழுதியும் விசிறிப் பக்கத்தில்தான் அப்பும். ஆகவே வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, நல்ல தண்ணீரால், மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். ஒல்டனேற்றரையும் பலகையையும் முதலில் பொலித்தீனால் மூடுங்கள். வாகனம் கழுவும் பிரஷர் துப்பாக்கி தகடுகளை மடக்கிவிடும்.

சுருளின் ஈரத்தை அறிய, மாரிக்கு முன்னும் பின்னும் காப்புத் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ற் மெகரால் அதை அளவிடுங்கள். வோல்ற்றைச் சீராக்கும் ஏ.வி.ஆரையும் டயோட்டுகளையும் முதலில் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெகரே அவற்றைக் கொன்றுவிடும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள், உலர்த்துங்கள். ஈரம் தடுக்கும் ஹீற்றர் உள்ளே இருந்தால், அது உண்மையில் சுடுகிறதா என்று பாருங்கள்.

மாற்று ஆளியும் புவித்தொடுப்பும்

ஒரே ஒரு விடயத்தில் சமரசம் கிடையாது. தெருவிலிருந்து வரும் பொது மின்வழங்கலும் மின்பிறப்பாக்கியும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் உங்கள் மின்சாரம் தெருவுக்கு ஏறி, மின்மாற்றியில் உயர் அழுத்தமாகி, கம்பம் ஏறி வேலை செய்பவரைக் கொல்லும். ஒன்று போட்டால் மற்றது போடமுடியாதபடி பொறிமுறைப் பூட்டுள்ள மாற்று ஆளி அவசியம். இரு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரால் வீட்டுக்கு மின் ஊட்டும் வழக்கத்தைக் கண்டால், அந்த வயரை வெட்டி எறியுங்கள்.

புவித்தொடுப்பை (எர்த்) சோதிக்கச் சரியான மாதம் ஓகஸ்ட். மழையில் நனைந்த மண்ணில் எந்தக் கம்பியும் நல்ல பெறுமானம் காட்டும். நிலாவெளியின் காய்ந்த மணல்தான் உண்மையைச் சொல்லும். எந்தப் பழுதுபார்ப்புக்குப் பிறகும் கட்ட வரிசையைச் சரிபாருங்கள். மாறியிருந்தால் மூன்று கட்டப் பம்பிகள் எதிர்ப்பக்கம் சுழலும்.

பயிலுநரைப் பழக்குதல்

இந்தத் தொழிலுக்கு இரண்டு வழியாக ஆட்கள் வருகிறார்கள். வாகனத் திருத்தகத்திலிருந்து வருபவருக்கு எஞ்சின் தெரியும், மின்சாரம் என்றால் ஒதுங்குவார். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ மின்னியல் படித்தவர் பலகையைத் திறப்பார், ஒயில் படிந்த கைகளுக்கு முகம் சுளிப்பார். இருவரையும் ஒரே சோடியாகப் போடுங்கள். என்.வி.கியூ (தேசிய தொழிற்றகைமை) மட்டம் 3 அல்லது 4 சான்றிதழ் இருப்பவருக்கு அடித்தளம் இருக்கும். சான்றிதழ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை தெரிந்தவருக்கு, அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று பெறும் வழியும் அதே முறைமையில் உண்டு. அவரைத் தூண்டி அனுப்புங்கள்.

முதல் மாதங்களில் பயிலுநரின் கையில் ஸ்பானர் வேண்டாம், கொப்பி போதும். சோதனை ஓட்ட எண்களை அவரே எழுதட்டும். ‘இன்று என்ன மாறியது?’ என்று மட்டும் கேளுங்கள். அடுத்து மேலே சொன்ன பூட்டும் வரிசை: ஒவ்வொரு படியையும் தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறார், ஏன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தடுமாறினால் கை வைக்க விடாதீர்கள். அதன் பிறகே வடிகட்டி, ஒயில், பெல்ட், பற்றரி. மெகரும் ஏ.வி.ஆரும் கடைசியில்.

கற்பிக்க மிக நல்ல வழி, வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்துவிட்டுக் கூப்பிடுவது. எனக்குப் பிடித்தது இது: டீசல் வால்வைப் பாதி மூடிவையுங்கள். எஞ்சின் நன்றாகக் கிளம்பும், சும்மா ஓடும்போது ஒரு குறையும் இராது. சுமை ஏற்றியதும் விளக்குகள் மங்கும். பயிலுநர் அநேகமாக நேரே ஏ.வி.ஆரிடம் ஓடுவார். அவரை நிறுத்தி, ‘தம்பி, அதிர்வெண் எவ்வளவு?’ என்று கேளுங்கள்.

“நாற்பத்தாறு, அண்ணா.”

“அப்படியென்றால் எந்தப் பக்கம் தேட வேண்டும்?”

அதிர்வெண்ணும் வோல்ற்றும் சேர்ந்து விழுந்தால் குறை எஞ்சின் பக்கம்: டீசல், காற்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். அதிர்வெண் 50இல் உறுதியாக நின்று வோல்ற் மட்டும் விழுந்தால் ஒல்டனேற்றர் பக்கம்: ஏ.வி.ஆர், டயோட், சுருள். இந்த ஒரு பிரிவை ஆள் விளங்கிக்கொண்டால், பாதிப் பழுதுகளைத் தேடும் நேரம் மிஞ்சும். அடுத்தடுத்த வாரங்களில் சார்ஜரின் உருகியைக் கழற்றிவையுங்கள், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியபடி விடுங்கள், மின்சாரம் இருக்கிறதா என்று மாற்று ஆளிக்குச் சொல்லும் உணர்வு வயரைப் பிரித்துவையுங்கள். ஆபத்தான பழுதுகளை வைக்க வேண்டாம். கூலன்டைக் குறைப்பதும் ஒயிலை வடிப்பதும் விளையாட்டல்ல. வைத்த ஒவ்வொன்றையும் உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள், வீடு போகும்போது எல்லாம் பழையபடி இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு.

தனியாகப் பொறுப்பில் விடும் முன் கடைசித் தேர்வு இதுதான்: முன்னறிவிப்பின்றி, முகாமையாளரின் சம்மதத்தோடு மட்டும், பிரதான பிரேக்கரை இறக்குங்கள். மின்சாரம் போனது முதல் திரும்பி வந்து இயந்திரம் ஆறி நிற்பதுவரை நீங்கள் வாய் திறக்கக்கூடாது.

மாரிக்கு முன் இருக்க வேண்டியவை

கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணைப் பாதையில் வெள்ளம் ஏறிவிட்டால் உதிரிப்பாகம் வராது. ஒயில் வடிகட்டி ஒன்று, டீசல் வடிகட்டி இரண்டு, காற்று வடிகட்டி ஒன்று, பெல்ட் ஒரு தொகுதி, ரேடியேற்றர்க் குழாய்களும் கிளிப்புகளும், உருகிகள், கலந்து வைத்த கூலன்ட், ஒருமுறை முழுதாக மாற்றப் போதுமான ஒயில் ஆகியவற்றை உங்கள் இயந்திரத்தின் பாக எண்களோடு எழுதி, செப்டெம்பர் முடிவதற்குள் வரவழையுங்கள். வந்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், பொதியைப் பிரித்து வடிகட்டியின் புரி பொருந்துகிறதா என்று ஒருமுறை கையால் திருகிப் பாருங்கள். டீசலுக்கு, 60 கிலோவாற்றுச் சுமையில் ஒரு முழு நாளுக்கு 384 லீற்றர் தேவை; தாங்கியில் உள்ளதைக் கழித்து, மீதியை எங்கே, யாரிடம், எந்த வாகனத்தில் எடுப்பது என்று முகாமையாளரோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.